ஐஸ் காதலுக்கு ஓர் ஆய்வுரை

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, நான் மோர்டன் ஸ்டேஷனில் இறங்கத் தவறிவிட்டேன்.

லண்டன் வாசகர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன் — மோர்டன், நார்தர்ன் லைனின் கடைசி ஸ்டேஷன். அதற்கு அப்பால் ரயில் போகாது. அங்கே இறங்கத் தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும். ரயில் வந்து நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், புதிய ஆட்கள் ஏறினார்கள், கதவு மூடியது, ரயில் வந்த வழியே திரும்பிப் புறப்பட்டது... நான் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தியபோது சவுத் விம்பிள்டன் என்ற பலகை தெரிந்தது.

அப்படி என்ன புத்தகம்? அதைச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வெளிர்நீல அட்டை. அதில் கார்ட்டூனாக ஒரு பெண்ணும் ஒரு பையனும். அவள் காலில் ஐஸில் சறுக்கும் ஸ்கேட்ஸ், குட்டைப் பாவாடை. அவன் கையில் ஹாக்கி மட்டை. இருவர் மூக்குக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி — அதுவும் எந்த நேரமும் இல்லாமல் போகலாம் என்பதுபோல. கல்லூரியில் படிக்கும் இரண்டு ஐஸ் விளையாட்டுக்காரர்கள், ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள், பிறகு காதலர்கள். அறுபத்தொரு வயது மனிதன், வழுக்கைத் தலையும் வாசிப்புக் கண்ணாடியுமாக, இதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை முடிந்து வருகிறான். எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடச் சிறுமி அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து, தானும் இந்த மாதிரிப் புத்தகங்கள் நிறைய வாசித்திருப்பதாகவும், கடைசியில் அவர்கள் கட்டாயம் சேர்ந்துவிடுவார்கள், நான் கவலைப்படத் தேவையில்லை என்றும் ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னாள்.

நான் நன்றி சொன்னேன். உண்மையிலேயே கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

இந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது யோகனால். யோகநாதன் என்பது முழுப்பெயர். மோர்டன் பக்கம் 'சுவிஸ் யோகன்' என்றால்தான் தெரியும். பதினான்கு வருடத்துக்கு முன் சுவிஸிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். டைல்ஸ் பதிப்பது, பாத்ரூம் கட்டிக்கொடுப்பது அவருடைய தொழில். இல்ஃபோர்டிலிருந்து குரோய்டன் வரை எங்கள் ஆட்களின் வீட்டுக் குளியலறைகளில் பாதி, அவர் கை பட்டவை. என்னைவிட இரண்டு வயது இளையவர். என்னை 'அண்ணை' என்பார்.

அவர் போன் எடுத்து, மகள் அபி நாவல் எழுதிவிட்டாள் என்றார். இங்கிலீஷ் நாவல், ஐஸ் விளையாட்டைப் பற்றி, ஒரு சின்னப் பதிப்பகம் போட்டிருக்கிறது. அவளுக்குச் சொல்லாமலே மண்டபம் புக் பண்ணியாயிற்று. வெளியீட்டு விழா. ஆய்வுரை நான்தான்!

இந்த 'ஆய்வுரை' விஷயத்தைப் பற்றி உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்.

லண்டனில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எந்தப் பள்ளிக்கூட மண்டபத்தின் கதவைத் திறந்தாலும், உள்ளே ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். மேடையில் ஒன்பது பேர் இருப்பார்கள். வரவேற்புரை, ஆசியுரை, நான்கு வாழ்த்துரை, ஓர் ஆய்வுரை, ஏற்புரை, கடைசியில் நன்றியுரை. கவிதைப் புத்தகமோ கணக்குப் புத்தகமோ, எல்லாவற்றுக்கும் இதே வரிசைதான். இதில் ஆய்வுரை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு ஒரு முறை இருக்கிறது. முன்னுரையை வாசிப்பேன், பின் அட்டையை வாசிப்பேன், நடுவில் மூன்று பக்கங்களைத் தேர்ந்தெடுத்துப் பென்சிலால் கோடு போடுவேன். இருபது நிமிடம் பேச அது தாராளம். இத்தனை வருடத்தில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கேட்டுக்கொண்டிருப்பவர்களும் வாசித்திருக்க மாட்டார்களே!

அபியின் புத்தகத்தையும் அப்படித்தான் தொடங்கினேன். பின் அட்டை. பிறகு நடுவில் ஒரு பக்கம் — அது பதினான்காம் அத்தியாயத்தில் விழுந்தது. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். இதற்கா குத்துவிளக்கு?

என் மனைவி அதை எடுத்துக்கொண்டு போய்ப் பதினான்காம் அத்தியாயத்தை வாசித்தாள். பிறகு, கதை விளங்கவில்லை என்று சொல்லி இன்னொரு தடவை வாசித்தாள். நான் வேறு வழியில்லாமல் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அப்படித்தான் சவுத் விம்பிள்டன் வரை போனது.

கதை இதுதான். குளிர் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று. அங்கே ஒரேயொரு ஐஸ் அரங்கம். காலையில் ஆறு முதல் ஏழு வரை ஹாக்கிக்காரர்கள். ஏழேகாலுக்கு, ஐஸில் சுழன்று துள்ளி நடனமாடும் ஃபிகர் ஸ்கேட்டிங் கூட்டம். ஹாக்கிக் கேப்டன் பெயர் ரயன். ஸ்கேட்டிங் பெண் மீரா, எங்கள் தமிழ்ப் பிள்ளை. ஹாக்கி விளையாடி முடித்த ஐஸ், கொத்துரொட்டி போட்ட தகடு மாதிரிக் கிடக்கும். அதில் அவள் துள்ளினால் கால் முறியும். அதனால் அவனைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்கு மேல், வருட முடிவில் யார் நன்றாகச் செய்கிறார்களோ அந்த ஒரு குழுவுக்குத்தான் இனிக் காலை நேரம் என்று பல்கலைக்கழகம் அறிவிக்கிறது. ஒருவர் ஜெயித்தால் மற்றவருக்கு ஐஸ் இல்லை.

இந்த இரண்டு பேரும் எங்கே பேசுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஏழுக்கும் ஏழேகாலுக்கும் இடையில். அந்தக் கால்மணி நேரம் ஐஸில் ஒருவரும் கால் வைக்க முடியாது. ஒரு பெரிய மெஷின் வந்து வெட்டுக்காயங்களைச் சீவி எடுத்து, தண்ணீர் விட்டு, ஐஸைப் புதிதாக்கும். அவன் ஸ்கேட்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பான். அவள் கட்டிக்கொண்டிருப்பாள். இருப்பது ஒரே ஒரு பெஞ்ச். முதலில் சண்டை, பிறகு கிண்டல், பிறகு மௌனம். அந்த மெஷினை ஓட்டுகிற மனிதருக்கு நாவலில் பெயர் இல்லை. கம்பளித் தொப்பி போட்ட, எங்கிருந்தோ அந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த ஒருவர். ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் அத்தியாயம் போகப் போக அவருடைய மெஷின் மெதுவாகிறது. பதினைந்து நிமிட வேலை இருபதாகிறது, இருபத்தைந்தாகிறது. காதலர்கள் கவனிப்பதில்லை. நான் கவனித்தேன். அவர்தான் வேண்டுமென்றே இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று ஓட்டுகிறார்.

எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று. காதலர்களைவிட அவர் எப்போது வருவார் என்றுதான் பக்கத்தைப் புரட்டினேன். ஆய்வுரை முழுவதும் அவரைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தேன். காதல் இரண்டு பேரால் நடப்பதில்லை, மூன்றாவது ஆள் ஒருவர் நேரம் ஒதுக்கித் தர வேண்டும் — இப்படி நல்ல நல்ல வசனமெல்லாம் எழுதி வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அபி வீட்டுக்கு வந்தாள்.

இருபத்தேழு வயது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சுவிஸில் பிறந்து பதின்மூன்று வயதில் லண்டன் வந்தவள். மனைவி தேநீர் கொடுத்து, பதினான்காம் அத்தியாயம் நன்றாக இருந்தது என்று சொன்னதும் அவள் முகம் சிவந்தது. மனைவி உள்ளே போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, ஆய்வுரையில் என்ன பேசப்போகிறேன் என்று கேட்டாள். நான் பெருமையாக, மெஷின் ஓட்டும் மனிதரைப் பற்றி என்றேன்.

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அங்கிள், ப்ளீஸ்... அவரைப் பற்றி மட்டும் கதைக்காதேங்கோ."

ஏன் என்று கேட்டேன். அவள் புத்தகத்தைத் திறந்து சமர்ப்பணப் பக்கத்தைக் காட்டினாள். ஆங்கிலத்தில் ஒரே வரி. 'ஐஸைச் செய்த அப்பாவுக்கு.' அதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். யோகன் சுவிஸில் ஐஸ் அரங்க மனேஜராக இருந்தவர் என்பது ஊருக்கே தெரியும். மகள் அதைத்தான் அழகாகச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

"அப்பா மனேஜர் இல்லை அங்கிள். அவர்தான் அந்த மெஷினை ஓட்டினவர். லெவன் இயர்ஸ்."

அவள் மீதியைச் சொன்னாள். லண்டனில் ஒருவருக்கும் அப்பா இதைச் சொன்னதில்லை. அம்மாவும் சொல்வதில்லை. எங்கள் ஆட்கள் இந்த மாதிரி ஆங்கில நாவலை எங்கே வாசிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் அவள் எழுதிவிட்டாள். பதிப்பகத்திலிருந்து வந்த பெட்டியை அப்பா பிரித்துப் பார்ப்பார், அட்டையில் தன் பெயர் இருப்பதைக் கண்டதும் — 'அபி யோகன்' என்றுதான் போட்டிருந்தாள் — மறுநாளே மண்டபத்துக்குப் போவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அழைப்பிதழும் அடித்தாயிற்று. விழாவை நிறுத்தச் சொன்னால் அப்பாவின் சந்தோஷம் போய்விடும். நடக்கவிட்டால், நூற்றைம்பது பேருக்கு நடுவில் அப்பாவின் மானம் போய்விடும். அவர் இன்னும் வாசிக்கவில்லை. வாசிக்கவும் மாட்டார், ஆங்கிலம் அவருக்கு வாசிக்க வராது. நான் மேடையில் அந்த ஆளைப் பற்றிப் பேசினால்தான் எல்லோருக்கும் விளங்கும்.

கண் கலங்கியிருந்தது அவளுக்கு. அப்பாவை வெட்கப்படுத்த எழுதவில்லை என்றாள். அது எனக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

"சரி பிள்ளை, சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்கு வந்த நாங்கள் எல்லோருமே இதைக் கொஞ்சமாவது செய்திருக்கிறோம், இல்லையா? ரெஸ்டாரன்ட்டில் கோப்பை கழுவியவர் 'ஹோட்டல் லைன்' என்பார். பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் நின்றவர் 'ஷெல் எண்ணெய்க் கம்பெனியிலா?' என்று யாராவது கேட்டால் மறுக்க மாட்டார். பொய் என்று சொல்ல முடியாது. யாரோ கேட்கும்போது ஒரு படி உயர்த்திக் கேட்கிறார்கள், நாங்கள் அந்தப் படியிலேயே நின்றுகொள்கிறோம். பிறகு இறங்குவது கஷ்டம்.

விழாவுக்கு முந்திய வியாழக்கிழமை, யோகனிடமே ஜாடையாகச் சொல்லிவிடலாம் என்று போனேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பாத்ரூம் வேலை. வாசலில் வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேனின் முன்பக்கத்தில் ஒரு புத்தகம் கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவதுபோல அதற்குச் செய்தித்தாளால் உறை போட்டிருந்தார். என்ன புத்தகம் என்றேன். அபியுடையதுதானாம், அட்டையில் தூசி படக்கூடாது என்று உறை போட்டாராம்.

"வாசிச்சனீரோ?" என்று கேட்டேன்.

"நேரமெங்க அண்ணை..." என்றார். பிறகு உடனே, பிரதம விருந்தினருக்கு மாலையா பொன்னாடையா என்று கேட்டார். பொன்னாடை என்றேன். சிற்றுண்டிக்கு ரோல்ஸ் இருநூறு போதுமா என்றார். இருநூற்றைம்பது சொல்லுங்கள் என்றேன். இப்படியே பேசி, சொல்ல வந்ததைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு விழா. ஆகவே ஐந்து இருபதுக்குத் தொடங்கியது.

மேடைக்குப் பின்னால் புத்தக அட்டையை ஆறடி உயரத்துக்குப் பெருப்பித்துக் கட்டியிருந்தார்கள். அதற்கு நேர் முன்னால் குத்துவிளக்கு. அந்த ஓர் அங்குல இடைவெளி இப்போது ஒரு சாண். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து போய், மேலே கட்டியிருந்த அலங்காரத் துணியைக் கொஞ்சம் இறக்கிக் கட்டினா. இருவர் முகமும் அதற்குள் மறைந்தது. கீழே நான்கு ஸ்கேட்ஸ் மட்டும் தெரிந்தன. பிறகுதான் எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

அழைப்பிதழில் யோகனின் பெயருக்குக் கீழே 'சுவிஸ் பனி விளையாட்டரங்க முன்னாள் முகாமையாளர்', அதாவது மனேஜர், என்று இருந்தது. என் பெயருக்குக் கீழே 'கவுன்சில் அதிகாரி, பத்தி எழுத்தாளர்'. கவுன்சில் என்றால் இந்த ஊர் நகரசபை. பிரதம விருந்தினர் ஓய்வுபெற்ற டாக்டர். நூல் நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது, முழுமையாக வாசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, பனி மலைகளிலும் தளராத தமிழ்ப் பெண்ணின் வீரத்தைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். நல்ல மனிதர். அவர் பேசி முடிக்கும்வரை அபி தன் சேலைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து நான்.

போட்டி எப்படிப் புரிதலாக மாறுகிறது என்றேன். இரு பண்பாடுகளின் சந்திப்பு என்றேன். பதினான்காம் அத்தியாயத்தை 'உள்ளங்களின் சங்கமம்' என்று சொன்னேன். பின்வரிசையில் நின்ற இளைஞர்கள் இருமினார்கள். அந்தக் கால்மணி நேரத்தைப் பற்றிச் சொன்னேன். ஆனால் கால்மணி நேரம் எப்படி இருபத்தைந்து நிமிடமாயிற்று, யார் ஆக்கினார்கள் என்று சொல்லவில்லை. ஐஸ் தானாகவே புதிதாகிறது என்பதுபோலப் பேசி முடித்தேன். நன்றாகக் கைதட்டினார்கள். அபி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். யோகனும் என்னைப் பார்த்தார்.

வாழ்க்கையில் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு நான் செய்த முதல் ஆய்வுரை அது. அதில்தான் உண்மையை விழுங்கினேன். எனக்கு உட்காரவே மனமில்லை.

அபியின் ஏற்புரை இரண்டு நிமிடம். தமிழில் தொடங்கி, ஆங்கிலத்தில் தடுக்கி, எல்லோருக்கும் தேங்க்ஸ் என்று முடித்தாள். கடைசி நிகழ்ச்சி நன்றியுரை. எங்கள் விழாக்களில் நன்றியுரை என்றால் உங்களுக்குத் தெரியும். ரோல்ஸ் வாசனை வரத் தொடங்கிவிடும். ஒருவர் கார் சாவியைத் தேடுவார், ஒருவர் பிள்ளைக்கு ஜாக்கெட் மாட்டுவார், கதிரைகள் இழுபடும். அந்தச் சத்தத்துக்குள் யோகன் மைக்குக்கு வந்தார்.

மண்டபம் தந்தவர்களுக்கு நன்றி சொன்னார். ஒலிபெருக்கிக்காரருக்கு, டாக்டருக்கு, ரோல்ஸ் செய்த அம்மாமாருக்குச் சொன்னார். பிறகு கோட் பையிலிருந்து அந்தச் செய்தித்தாள் உறை போட்ட புத்தகத்தை எடுத்தார். டைல்ஸ் வேலையில் ஒட்டும் நீல டேப்பைக் கிழித்துக் கிழித்து, பக்கத்துக்குப் பக்கம் அடையாளம் வைத்திருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"ஒரு சின்ன விசயம்" என்றார். "ஆய்வுரையில அண்ணை எல்லாம் வடிவாச் சொன்னவர். ஆனா ஒரு ஆளை விட்டிட்டார்."

அபி என் பக்கம் திரும்பினாள்.

யோகன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்தார். "இருநூற்று மூண்டாம் பக்கம். ஐஸ் மெஷினுக்குள்ள அந்த மனிசன் பச்சைத்தண்ணி நிரப்புறதா பிள்ளை எழுதியிருக்கிறா. அது பிழை. சுடுதண்ணிதான் விடுறது. சுடுதண்ணி விட்டால்தான் மேல இருக்கிற வெட்டெல்லாம் இளகி, புது ஐஸ் பழைய ஐஸோட ஒட்டும். பச்சைத்தண்ணி விட்டால் ஒட்டாது, தோல் மாதிரிக் கழண்டு வரும். அடுத்த பதிப்பில திருத்தோணும்."

முன்வரிசையிலிருந்த டாக்டர், இவ்வளவு நுணுக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மரியாதையாகக் கேட்டார்.

"பதினொரு வருசம் நான்தானே ஐயா ஓட்டினனான்."

கதிரைச் சத்தம் நின்றுவிட்டது. ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்த தாய் ஒரு கையை மாட்டியபடியே நின்றா. யாரோ அழைப்பிதழை எடுத்துப் பார்த்தார்கள். யோகன் அதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. இன்னொரு நீல டேப்பைத் தேடிப் பிடித்தார்.

"இன்னொண்டு. புத்தகத்தில அந்த மனிசன் மெதுவா ஓட்டுறார், அந்தப் பிள்ளையள் ரெண்டும் கதைக்கட்டும் எண்டு. நல்ல மனிசன். நான் அப்பிடி ஓட்டேல்ல. நான் வேகமா ஓட்டினனான். கால்மணித்தியாலம் தருவினம். எட்டு நிமிசத்தில முடிச்சால், கிளப்காரர் வர முன்னம் ஏழு நிமிசம் ஐஸ் சும்மா கிடக்கும். இவளைக் கிளாஸுக்கு விட எங்களுக்கு அப்ப வசதியில்லை. அந்த ஏழு நிமிசம்தான் இவள் ஓடினவள்."

இதைச் சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. பாத்ரூமில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு விளக்குவாரே, அதே குரல்தான்.

பிறகு புத்தகத்தை மூடினார். பதினான்காம் அத்தியாயத்தைத் தான் வாசிக்கவில்லை என்று சபைக்கு அறிவித்தார். அந்த இடத்தில் இரண்டு டேப் ஒட்டியிருந்தது. மண்டபம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கேலி இருக்கவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், நான் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அபி எழுந்து அவரிடம் போனாள். மைக் இன்னும் நிறுத்தப்படவில்லை. அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"உங்கட கை எப்பவும் குளிரா இருக்குமப்பா. அதான் பச்சைத்தண்ணியெண்டு நினைச்சனான்."

"கிளவுஸ் உன்ர கையில எல்லே இருந்தது" என்றார் அவர். அதன் பிறகுதான் ஒலிபெருக்கிக்காரருக்கு மைக்கை நிறுத்தும் யோசனை வந்தது.

ரோல்ஸ் சாப்பிடும் இடத்தில் அவரைத் தனியாகப் பிடித்தேன். ஆங்கிலத்தில் எப்படி வாசித்தீர் என்று கேட்டேன். போனைப் பக்கத்துக்கு மேல் பிடித்து ஜெர்மனுக்கு மாற்றி வாசித்தாராம். தமிழுக்கு மாற்றிப் பார்த்தாராம், சிரிப்பாக வந்ததாம். ஒரு மாதம், மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க வேனுக்குள் அதுதான் வேலை. சமர்ப்பணத்தை முதல் நாளே விளங்கிக்கொண்டார். மண்டபத்தை அதற்குப் பிறகுதான் புக் பண்ணினார்!

அப்படியென்றால் அழைப்பிதழில் ஏன் முகாமையாளர் என்று போட்டீர்? அது அச்சகத்தில் பழைய அழைப்பிதழைப் பார்த்து அவர்களே போட்டது என்றார். பழைய அழைப்பிதழில் யார் போட்டது? அவர் ரோலை ஒரு கடி கடித்துவிட்டு, என்னைச் சங்கடப்படுத்த விரும்பாதவர்போலத் தரையைப் பார்த்தார்.

"நான் லண்டனுக்கு வந்த புதுசில, சுவிஸில என்ன வேலையெண்டு நீங்கள்தான் அண்ணை கேட்டனீங்கள். ஐஸ் அரங்கத்தில எண்டனான். மனேஜரோ எண்டு கேட்டீங்கள். நான் ஓமெண்டு சொல்லேல்ல."

கையிலிருந்த ரோலைத் தட்டில் வைத்தார்.

"இல்லையெண்டும் சொல்லேல்ல."

எனக்கு நினைவு வந்தது. ஒரு பிறந்தநாள் விழா, கையில் காகிதத் தட்டு, புதிதாக வந்த ஒருவர் ஓரமாக நின்றார். நான் பெரிய மனுஷத்தனமாக விசாரித்தேன். அவர் சொன்ன பதிலை நான் ஒரு படி உயர்த்திக்கொண்டேன். பிறகு நான்தான் எல்லோருக்கும் அவரை அப்படி அறிமுகப்படுத்தினேன். பதினான்கு வருடம் அவர் அந்தப் படியில் என் பொருட்டு நின்றிருக்கிறார். இறங்க வேண்டும் என்று நினைத்தபோது மகளின் புத்தகம் வந்திருக்கிறது. அப்போதும் நான் அந்த ஆளைப் பற்றிப் பேசியிருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நானும் அபியும் சேர்ந்து, அவர் சொல்ல வந்ததைத்தான் மூடி வைத்திருக்கிறோம்.

மன்னிக்கச் சொன்னேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று இன்னொரு ரோலை என் தட்டில் வைத்தார்.

இரண்டாம் பதிப்பு வந்தால் இருநூற்று மூன்றாம் பக்கத்தில் தண்ணீரைச் சூடாக்கிவிடுவதாக அபி சொல்லியிருக்கிறாள். தவறு தெரிந்தபின் திருத்துவதுதானே முறை? எனவே, இத்தனை வருடமாக இந்தப் பக்கத்தின் அடியில் என் பெயரோடு 'கவுன்சில் அதிகாரி' என்று வாசித்து வந்தவர்களுக்கு ஒரு திருத்தம்.

நான் உட்காருவது கவுன்சிலின் பார்க்கிங் பெர்மிட் கவுன்டரில், மூன்றாவது ஜன்னல் — அந்தப் பக்கம் வந்தால் ஒரு ஹலோ சொல்லுங்கள்.